தொட்டியில் ஒரு நட்சத்திர மீன்

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 1991 முதல் 2016 வரை இயங்கிய 'அண்டர்வாட்டர் வேர்ல்ட்' காட்சியகத்திற்கு ஒரு விடுமுறையில் குடும்பமாகச் சென்றிருந்தோம். கண்ணாடிச் சுரங்கத்தில் தலைக்குமேல் சுறாக்கள் நீந்தின; சுப்ஹானல்லாஹ் என்றபடியே கடந்தோம். எங்களை நிறுத்தியது, தொட்டுப் பார்க்கும் ஆழமற்ற தொட்டிதான்.

அங்கே எங்கள் இளைய மகன் பாறையில் ஒட்டியிருந்த நட்சத்திர மீனைப் பிடித்து இழுத்தான். அது விடவில்லை. பணியாளர் விரைந்து தடுத்தார். அதன் அடிப்புறத்தில் நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள் உள்ளன. வலிந்து பிடுங்கினால் அவை அறுந்துவிடும். பெயருக்குத்தான் மீன். இரத்தமில்லை, மூளையில்லை, கடல்நீரே உடலுக்குள் ஓடி அக்கால்களை இயக்குகிறது.

"மூளையே இல்லையென்றால் அதற்கு வலிக்குமா, வாப்பா?"

உடனே பதில் வரவில்லை. குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, சிறகடித்துத் தவித்த தாய்ப்பறவைக்காக அவற்றைத் திருப்பி வைக்கச் சொன்ன நபிகளாரை (ஸல்) அவனுக்கு நினைவூட்டினோம். பாடம் சொன்ன எங்கள் கைகளும் சற்றுமுன் அதே நீரில்தான் அளைந்துகொண்டிருந்தன, கட்டணம் கொடுத்துவிட்ட உரிமையோடு.

பிறகு அவன் இரண்டு விரல்களால், நீருக்குள்ளேயே, மெல்லத் தொட்டான். அஸருக்கு உளூச் செய்யுமுன் அவ்விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.