கேஷ் என்பது நம்ம காசா?

பி.காம். படிக்கிறவர்களுக்கு கேஷ் என்ற சொல்லிலிருந்து தப்பிக்க வழியே இல்லை. கேஷ் புக், பெட்டி கேஷ், கேஷ் ஃப்ளோ என்று மூன்று வருஷமும் அதுதான். அதனால், "கேஷ் என்பது தமிழ்க் காசிலிருந்து போன சொல் தெரியுமா?" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் காது தானாகத் திரும்பும். அது உண்மையா என்றால், பாதி உண்மை.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் இருக்கின்றன. நாம் கணக்கில் எழுதும் கேஷ், லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் 'கப்ஸா'விலிருந்து இத்தாலி, பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் அதற்குப் பணப்பெட்டி என்றுதான் பொருள். பிறகு உள்ளே இருந்த பணத்துக்கே பெட்டியின் பெயர் வந்துவிட்டது. நம்மூர் கடைக்காரர் "இன்னைக்கு கல்லா எவ்வளவு?" என்று கேட்பது போலத்தான். நாம் விழுங்கும் கேப்ஸ்யூலும் இதே கப்ஸாவின் வாரிசு: சின்னப் பெட்டி!

இன்னொரு கேஷ்தான் நம்முடையது. தமிழ்க் காசைப் போர்ச்சுகீசியர் 'கைஷா' ஆக்கினார்கள், ஆங்கிலேயர் கேஷ் ஆக்கினார்கள். போர்ச்சுகீசிய மொழியில் கைஷா என்றால் பெட்டியும்தான், குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்! இந்தக் கேஷ் ஒரு சின்னச் செப்பு நாணயம். மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818ல் ரூபாய் வந்ததும் இந்தக் கணக்கு போய்விட்டது. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் வைத்திருந்த நம் தரங்கம்பாடியிலும் 'காஸ்' என்ற பெயரில் நாணயம் அடித்தார்கள். சீனாவின் சதுர ஓட்டை போட்ட நாணயத்துக்குக் கூட ஆங்கிலத்தில் கேஷ் என்றுதான் பெயர்.

ஒரே மாதிரி இருப்பதெல்லாம் உறவு இல்லை என்றால், உறவே இல்லாத மாதிரி இருப்பவையும் சில சமயம் பங்காளிகள்தான். காவிரிக் கரையும் பேங்க், பணம் போடும் இடமும் பேங்க். மேடு, திண்டு என்ற பொருளுள்ள ஒரு பழைய ஜெர்மானிய வேரிலிருந்து இரண்டும் வந்தன. ஒன்று ஆற்று மேடாகவே நின்றுவிட்டது. இன்னொன்று இத்தாலியில் நாணயம் மாற்றுகிறவர்களின் பெஞ்சு ஆகி, அங்கிருந்து வங்கி ஆனது.

சரி, இங்கிருந்து போன சொற்களில் காசைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூலியைப் பற்றி ஏன் பேசுவதில்லை? ஆங்கிலத்துக் கூலிக்கு குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயரையும் மூலமாகச் சொல்வார்கள், தமிழ்க் கூலியையும் சொல்வார்கள். நம் டெல்டாவில் கூலி என்பது உழைத்தவர் வாங்கிக்கொண்டு போவது. நடவுக்கும் அறுப்புக்கும் அளந்து போட்ட நெல் கூலி. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா தோட்டங்களுக்குப் போனவர்களுக்கோ அதுவே பெயராகிவிட்டது. பிறகு வசவாகவும் ஆனது. தென்னாப்பிரிக்காவில் காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் சொன்னார்கள்.

கேஷுக்கு நடந்ததும் இதுதானே என்று தோன்றலாம். அங்கே பெட்டியின் பெயர் பணத்துக்கு வந்தது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே சம்பளத்தின் பெயர் ஆளுக்கு வந்தது, அதில் ஆளின் பெயர் காணாமல் போனது. கணக்குப் பாஷையில் சொன்னால், வேஜஸ் என்ற செலவுத் தலைப்புக்குக் கீழே மனிதர்களையே எழுதிவிட்டார்கள்.

கேஷ் நம்முடையதா என்று இனி யாராவது கேட்டால், சின்னக் கேஷ் நம்முடையது, பெரிய கேஷ் இல்லை என்று சொல்லுங்கள். கூடவே கூலியின் கதையையும் சொல்லுங்கள். பெருமைக் கணக்கு எழுதும்போது இரண்டு பக்கமும் எழுத வேண்டும் இல்லையா?