எட்டு வீட்டுக்கு ஒரு கோயம்பேடு

விடியற்காலை நாலு மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட்டைப் பார்த்திருக்கிறீர்களா சார்? கொத்தவால்சாவடி நெரிசல் தாங்காமல் 1996-ல் இங்கே குடிவந்த காய்கறி சாம்ராஜ்யம். லாரி, மூட்டை, காலடியில் வழுக்கும் கோஸ் இலை, "ஓரம் போ சார், ஓரம்!"

எங்கள் ஃப்ளாட்டில் எட்டு வீடு. 'ஒருத்தர் போனா எல்லாருக்கும் வாங்கிடலாமே' என்று வாயை விட்டவன் நான்தான். வந்து குவிந்தன சீட்டுகள். 'கத்தரிக்காய் கால் கிலோ, பிஞ்சா பார்த்து.' மொத்த வியாபாரி சிரித்தார். "தம்பி, இங்க மூட்டைக் கணக்கு!"

சில்லறைக் கடைகளில் அலைந்து பொறுக்கி, ஆட்டோவில் திரும்பினேன். ஆட்டோ காசை எட்டாக வகுத்தால், கொத்தமல்லி மட்டும் சொன்ன மாடி வீட்டு மாமி கேட்டார்: "கட்டை விடக் கூலி ஜாஸ்தியா இருக்கே?" நியாயம்தான்! கூலி என் தலையில்.

மூன்றாவது வாரம் எதிர்வீட்டு சாருக்குக் கத்தரிக்காயில் புழு. பேச்சே நின்றுவிட்டது. நடுராத்திரியில் என் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன மனுஷர் சார் அவர்! மனசு கேட்கவில்லை. கதவைத் தட்டினேன். "அடுத்த வாரம் நீங்களே வந்து பொறுக்குங்க, சார்."

வந்தார். உருட்டி உருட்டி அரைமணி பொறுக்கினார். சாயங்காலம் மாமி, கையில் புழுக் கத்தரிக்காயோடு, அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.