நகரத்துக்காரர் பவுல்

ஞாயிறு பூசையில் பவுலின் திருமுகம் முடிந்து நற்செய்தி தொடங்கும்போது, பஸ் டவுனைத் தாண்டி வயல்வெளிக்குள் இறங்கினாற்போல் இருக்கும் எனக்கு. இயேசுவின் பேச்சில் விதைப்பவனும் ஆடும் மீன்வலையும் அத்திமரமும் வந்துகொண்டே இருக்கும். பவுலிடம் கடைத்தெரு, நீதிமன்றம், ஓட்டப்பந்தயம், அடிமைக்குக் கொடுத்த விலை.

அவர் பிறந்தது தர்சு; இன்றைய துருக்கியின் தென்பகுதியில், கிரேக்கப் படிப்புக்குப் பேர்போன ஊர். யூதக் குடும்பம், கிரேக்கப் பேச்சு, ரோமக் குடியுரிமை. அபூர்வமாக மரம் செடி பக்கம் போனால், காட்டு ஒலிவக் கிளையைக் கொண்டுவந்து நாட்டு ஒலிவத்தில் ஒட்டவைக்கிறார். தோட்டக்காரர்கள் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறு. இது இயல்புக்கு மாறானது என்று அவரே சொல்லிவிடுகிறார் என்றாலும், டவுன்காரர் கை வைத்த ஒட்டு அது என்றுதான் எனக்குப் படுகிறது.

விளையாட்டுக்கு வந்தால் தடுமாற்றமே இல்லை. கிரேக்கத்தின் கொரிந்து நகரில் ஒன்றரை ஆண்டு இருந்தவர். கி.மு. 146இல் ரோமர்கள் இடித்துப்போட்டு, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றிய ஊர் அது. இரண்டு பக்கமும் துறைமுகம், புதுப்பணக்காரர்கள் நிறைய. பக்கத்திலேயே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள். ஜெயித்தவன் தலையில் வைப்பது வெறும் இலைக் கிரீடம். வாடிப்போகிற கிரீடத்துக்கே இத்தனை பயிற்சியா என்று அவர் கொரிந்தியரைக் கேட்டபோது, அவர்களுக்கு உரை தேவைப்பட்டிருக்காது.

அந்த ஊரில் அவர் பிழைத்தது கூடாரத் தொழிலில். யூதர்கள் ரோமை விட்டுப் போகவேண்டும் என்று கிளாடியஸ் பேரரசர் உத்தரவு போட்டதால் வந்து சேர்ந்த அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியும் அதே தொழில். தோலோ கெட்டித் துணியோ, ஊசியும் நூலும் இழுத்துத் தைக்கிற வேலை, விரல் காய்த்துப்போகும். படித்தவன் கைவேலை செய்வது அன்றைக்குக் கேவலம். பட்டறையில் மரியாதைக்குரியது எதுவும் இருக்க முடியாது என்று ரோமப் பேச்சாளர் சிசரோ எழுதியே வைத்திருக்கிறார். பேச்சாளன் என்றால் ஒரு பணக்காரர் வீட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் அவன் அந்த வீட்டு ஆள். பவுல் கொரிந்தியரிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். மறுத்தது அவர்களுக்கு அவமானமாகவே இருந்தது. பிலிப்பி நகரத்துச் சபையார் அனுப்பியதை மட்டும் வாங்கிக்கொண்டாரே, அது உறுத்தாமலா இருந்திருக்கும்?

அவருடைய போதனையின் மையமும் இந்தப் பட்டறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமர்கள் வைத்திருந்த தண்டனை. ரோமக் குடியேற்ற நகரத்தில் போய், அப்படிச் செத்தவரே ஆண்டவர் என்று சொல்வது பைத்தியக்காரத்தனம். அது அவருக்கும் தெரியும். மடமை என்று தாமே எழுதுகிறார்.

சமுதாயத்தை உடலோடு ஒப்பிடுவதும் அவர் கண்டுபிடித்ததல்ல. ரோமில் ஏழைகள் முரண்டு பிடித்து வெளியேறியபோது மெனேனியஸ் அக்ரிப்பா என்பவர் வயிற்றுக்கு எதிராகக் கைகால் வேலைநிறுத்தம் செய்த கதையைச் சொல்லி அவர்களை அடக்கினார் என்பார்கள். கீழே இருப்பவன் கீழேயே இருக்கச் சொல்லும் கதை. பவுல் அதே உடலை எடுத்துக்கொண்டு, பலவீனமான உறுப்புக்குத்தான் அதிக மதிப்பு என்கிறார். சரக்கு ரோமருடையது, தையல் இவருடையது.

ஆனால் அந்த உலகத்தை அவர் முழுக்கத் தாண்டிவிடவில்லை. பிலமோன் என்பவரின் அடிமை ஒனேசிமுவைத் திருப்பி அனுப்புகிறார். அடிமைமுறை ஒழியட்டும் என்று ஒரு வரி இல்லை. எனக்கு அது இன்றும் நெருடுகிறது. அடிமையாக அல்ல, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். அதோடு நிற்காமல், அவன் உனக்கு ஏதாவது பாக்கி வைத்திருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள், நான் தந்துவிடுகிறேன் என்று, கடன்சீட்டு எழுதுகிறவரைப் போல, தம் கைப்படவே எழுதிக்கொடுக்கிறார்.