பாலத்தில் காரை நிறுத்திய அப்பாவும் இன்ஜினுக்குள் இருந்த கறுப்பு அல்வாவும்!

கடந்த ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. சென்னையில் ஆபீஸில் உட்கார்ந்து செய்திக்குத் தலைப்பு வைத்துக்கொண்டிருந்தேன். திருச்சியிலிருந்து அப்பா போன். "வண்டியைக் காவிரிப் பாலத்துல நிறுத்திட்டேம்மா. சிவப்பா ஒரு லைட் எரிஞ்சுது, எண்ணெய்க் குவளை மாதிரி. உடனே ஆஃப் பண்ணிட்டேன்."

பின்னால் ஒரே ஹாரன் சத்தம். மூட்டு ஆபரேஷன் முடிந்த அம்மாவை தில்லைநகரில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய் ஸ்ரீரங்கம் திரும்பும் வழி. காலை மடக்க முடியாமல் பின்சீட்டில் அம்மா. வெளியே சித்திரை வெயில். எனக்கு வந்த கோபத்தில், "ஒரு லைட்டுக்காகவாப்பா நடுப்பாலத்துல நிறுத்துவாங்க? வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர்தானே! மெதுவா ஓட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்று கத்திவிட்டேன்.

"சரிம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

அந்த "சரிம்மா" இன்னும் என் காதில் இருக்கிறது. ஏனென்றால், அந்தக் காரைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

அம்மாவுக்கு ஆட்டோவில் ஏறி இறங்கக் கஷ்டம் என்பதால் ஜனவரியில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார் அது. என் சேமிப்போடு அப்பாவின் பி.எஃப் பணத்தையும் சேர்த்து 2,10,000 ரூபாய். "ஒரே ஓனர், 11 வருஷத்துல 24,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, கிட்டத்தட்ட புதுசு" என்று பெருமையாகச் சொன்னேன். "சர்வீஸ் பில் எல்லாம் இருக்கானு கேட்டியாம்மா?" என்றார் அப்பா. "ஓடாத வண்டிக்கு என்னப்பா சர்வீஸ்?" என்று நான் சிரித்தேன்.

கயிறு கட்டி இழுத்துவந்த காரை அப்பா உறையூர் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் விட்டிருந்தார். சனிக்கிழமை நானும் போனேன். போகும்போதே இரண்டு மூன்று வீடியோக்கள் பார்த்து, ஒரு டின் 'இன்ஜின் ஃப்ளஷ்'ஷும் வாங்கிக்கொண்டேன். பழைய ஆயிலோடு அதை ஊற்றி, டின்னில் போட்டிருக்கும் நேரத்துக்கு இன்ஜினை ஓடவிட்டு வடித்தால் அழுக்கெல்லாம் கரைந்து வந்துவிடும் என்பது என் கணக்கு.

மெக்கானிக் அண்ணன் டின்னை வாங்கி ஓரமாக வைத்தார். டிப் ஸ்டிக்கை உருவிக் காட்டினார். ஆயில் போதுமான அளவு இருந்தது. "அப்புறம் ஏன் லைட் எரிஞ்சுது?" என்றேன்.

"அந்த லைட் ஆயில் எவ்வளவு இருக்குன்னு சொல்றதில்லம்மா. பிரஷர் இல்லைன்னு சொல்லுது" என்றார்.

பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, செல்போன் டார்ச்சை உள்ளே அடிக்கச் சொன்னார். தளதளவென்று கறுப்பாக ஏதோ அப்பிக்கிடந்தது. "அல்வா" என்றார். "டேப்பட் கவரைக் கழட்டினா இன்னும் இருக்கும்."

விற்றவர் எனக்கு நன்றாக அல்வா கொடுத்துவிட்டார் என்று அப்போது தோன்றியது. ஆனால், காரின் முன் பெட்டியைக் குடைந்தபோது பழைய பில்கள் கிடைத்தன. 11 வருடத்துக்கு மொத்தமே இரண்டு ஆயில் சர்வீஸ். இரண்டும் 10,000 கிலோமீட்டர் கணக்கில் சரியாகச் செய்தவை. அந்த மனிதர் ஏமாற்றவில்லை. கிலோமீட்டரைப் பார்த்தார், வருடத்தைப் பார்க்கவில்லை. நானும் அதே தப்பைத்தான் செய்திருந்தேன்.

மெக்கானிக் அண்ணன் விளக்கியது இதுதான். 11 வருடத்தில் 24,000 என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 6 கிலோமீட்டர். இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். இட்லிப் பானை மூடியில் நீர் கோத்துக்கொள்வதுபோல, சூடாகி ஆறும் இன்ஜினுக்குள்ளும் ஈரம் சேரும். நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகி, பி.சி.வி. வால்வு வழியாக வெளியேறிவிடும். ஓடாவிட்டால் அந்த ஈரம், எரியாத பெட்ரோல், கரி எல்லாம் ஆயிலோடு கலக்கும். ஆயிலும் காலப்போக்கில் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும். வடைச் சட்டி ஓரத்தில் படிவது போன்ற பிசுக்காகிவிடும். பிசுக்கு கீழே இறங்கி, பம்ப் ஆயிலை உறிஞ்சும் வலையான ஸ்ட்ரெய்னரை அடைத்துக்கொண்டால், ஆயில் நிறைய இருந்தாலும் மேலே ஏறாது.

"லேசான அழுக்குன்னா உன் டின் சரி. இவ்வளவு இருக்கும்போது ஊத்தினா, கட்டி கட்டியா பெயர்ந்து வந்து அந்த வலையை முழுசா அடைச்சிடும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "லைட் எரிஞ்சதும் வண்டியை ஆஃப் பண்ணது யாரு?" என்று கேட்டார்.

நான் அப்பாவைக் காட்டினேன்.

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா இன்ஜின் சீஸ் ஆகியிருக்கும். சார் காப்பாத்திட்டார்."

அப்பா முப்பது வருடம் ஒரே ஸ்கூட்டர் ஓட்டியவர். கார் கற்றதே ரிட்டயர் ஆன பிறகுதான். "ஒருதடவை பெட்ரோல்ல ஆயில் கலக்க மறந்து ஸ்கூட்டர் பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு. எண்ணெய் படம் எரிஞ்சதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு" என்றார், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல.

வேலை இரண்டு நாள் ஆனது. ஆயிலை வடித்து, கீழே ஆயில் சேம்பரைக் கழற்றி டீசலில் கழுவிக் காயவைத்தார். டேப்பட் கவரைக் கழற்றி, ஆயில் இறங்கும் துளைகளைத் துணியால் அடைத்துவிட்டு, பிசுக்கைக் கையாலேயே சுரண்டி எடுத்தார். பி.சி.வி. வால்வும் கேஸ்கட்டும் புதிது. ஸ்ட்ரெய்னரைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கும் வேலையை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சாரிப்பா. அன்னிக்குக் கத்தியிருக்கக் கூடாது" என்றேன். "அந்தப் பக்கம் இன்னும் கறுப்பா இருக்கு பாரு, டார்ச் அடி" என்றார். அவ்வளவுதான்.

மொத்தம் 14,500 ரூபாய் ஆனது. புது ஆயில், ஃபில்டர் போட்டு 500 கிலோமீட்டரில் மாற்றினோம், பிறகு 1,500-ல் மறுபடி. முதல் முறை மையாக வடிந்த ஆயில், இரண்டாவது முறை டீ டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறீர்களா? கிலோமீட்டரில் மயங்காதீர்கள். ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கெட்டியான கறுப்புப் பிசுக்கு இருந்தால் யோசியுங்கள். பால்போல வெளுத்த படிவு இருந்தால் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம், கூலன்ட் கசிவாகவும் இருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். சாவியைத் திருப்பியதும் ஆயில் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லையென்றால் அந்த விளக்கை நம்ப முடியாது. பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். சரியான கணக்கு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். முக்கியமாக, ஓடும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். யார் கத்தினாலும் சரி.

"வாரத்துக்கு ஒருநாளாவது வண்டியை முக்கால் மணி நேரம் ஓட்டுங்க சார்" என்று மெக்கானிக் அண்ணன் சொல்லி அனுப்பினார். அதனால், ஞாயிறு சாயங்காலம் முக்கொம்பு வரை போய்வருகிறார்கள் அப்பாவும் அம்மாவும். ஆஸ்பத்திரிக்கு மட்டுமே வெளியே போய்க்கொண்டிருந்த அம்மா, இப்போது ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று எனக்கு போனில் சொல்கிறார்.

ஊருக்குப் போனால் நானும் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரியும். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணையும். அது அணைவதைப் பார்த்த பிறகுதான் அப்பா கியர் போடுவார்.