185 கிலோமீற்றர்

யாழ்ப்பாணத்தில் இருந்து திருச்சி எவ்வளவு தூரம் எண்டு எப்பவாவது யோசிச்சிருக்கிறீங்களா? பலாலி ஓடுபாதையில் இருந்து வரைபடத்தில் நேர்கோடு போட்டால் கிட்டத்தட்ட 185 கிலோமீற்றர். நாங்கள் பஸ்ஸில் அனுராதபுரம் போற தூரத்தை விடக் கொஞ்சம் குறைவு.

2018இல் எங்கட பெரியம்மா திருச்சியில் மோசம் போனா. 1990இல் படகேறி ராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் பதிஞ்சு, பிறகு கொட்டப்பட்டு முகாமிலேயே வாழ்ந்து முடிச்சவ. அம்மாவுக்கு ஒரே அக்கா. செய்தி வைபரில் உடனே வந்திட்டுது. நாங்கள் போய்ச் சேரத்தான் ஒரு மாதம் எடுத்தது.

அம்மாவிடம் பாஸ்போட்டே இருக்கவில்லை. அதை எடுத்து, விசா எடுத்து, இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்குப் போனோம். கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, வந்த தூரத்தைத் திரும்பவும் வடக்கே பறந்தோம். செத்தவீட்டுக்குப் போகேலாமல், அந்தியேட்டிக்கு முதல்நாள்தான் போய் இறங்கினோம். முகாம் வீட்டில் பெரியம்மாவின் படத்துக்கு முன்னால் அம்மா அழவே இல்லை. "நான் பிந்திப்போனன்" எண்டு மட்டும் சொன்னா.

இந்தப் பாதை புதுசு இல்லை எண்டது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் இருந்து மதராசுக்குப் போனபோது, எங்கட காங்கேசன்துறைப் பக்கம் இறங்கித்தான் போயிருக்கிறது. பிறகு யுத்தம் வந்தது. பலாலி, ஆமிக்காரரைத் தாண்டி நாங்கள் எட்டிப் பார்க்கவே முடியாத இடமாகிப் போனது.

2019 ஒக்ரோபரில் பலாலியைச் சர்வதேச விமானநிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னை விமானத்தைத் தொடங்கினார்கள். நாலு மாதத்தில் கொரோனா வந்து அதை நிப்பாட்டியது. 2022 டிசம்பரில்தான் திரும்பவும் வந்தது. 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் நேரடி விமானம் தொடங்கியது.

அந்த வருசம் பெரியம்மாவின் திவசத்துக்கு அதில்தான் போனோம். காத்தாடி வைச்ச சின்ன விமானம். அம்மா யன்னல் பக்கம் இருந்தா. கீழே கடல் தெரிஞ்சது. பெரியம்மா படகில் கடந்த அதே கடல். சீற் பெல்ற்றைக் கழற்றி ஆறுதலாக இருக்க முதலே, திரும்பவும் போடச் சொல்லிப்போட்டார்கள்.

கீழே தரை தெரியத் தொடங்கினவுடன் அம்மா எங்கட கையைப் பிடிச்சா.

"இவ்வளவு கிட்டவோ அக்கா இருந்தவ?"