காது இல்ல பாஸ், கெய்ன்!

காது போச்சுன்னு நீங்களே முடிவு பண்ணி, வீட்டுல சொல்லாம பயந்திருக்கீங்களா? நான் பயந்தேன் பாஸ்!

செகண்ட் இயர்ல 'சிமாய்' ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு சால்டர் பண்ணினேன். 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஆப்-ஆம்ப், கொஞ்சம் ரெசிஸ்டர். வால்யூமைத் தொட்டாலே அலறும். ராத்திரி குறைச்சு வெச்சா, இடது காதுல சத்தமே இருக்காது. ஒரு வாரம் தூக்கம் போச்சு.

ஒருநாள் ஹெட்போனை இடம் வலமா மாத்தி மாட்டினேன். இப்போ கேட்காதது வலது காதுக்கு! அட, குற்றவாளி காது இல்லை!

ஸ்டீரியோ வால்யூம் கன்ட்ரோலுக்குள் ரெண்டு டிராக். திருகலின் ஆரம்பத்தில் ரெண்டும் சரியா ஒத்துப்போகாது. என் ஆம்ப்புக்கு கெய்ன் அதிகம். அதனால குமிழ் எப்பவும் அந்த ஆரம்பத்துலயே நின்னுச்சு.

கெய்ன் ஃபார்முலா, நாம எக்ஸாம்ல எழுதினதுதான்: ஃபீட்பேக் ரெசிஸ்டரை கிரவுண்ட் ரெசிஸ்டரால் வகுத்து, 1 கூட்டணும். என் போர்டுல 10 கே, 1 கே. ஆக, 11 மடங்கு!

10 கே-யைப் பிடுங்கலை. அதுக்கு பேரலலா 2.2 கே ஒண்ணை சால்டர் வெச்சேன். மொத்தம் 1.8 கே, கெய்ன் 2.8. கிட்டத்தட்ட 12 டெசிபல் குறைஞ்சுது! ரெண்டு சேனல்லயும் மாத்தணும், மறந்துடாதீங்க. குறைஞ்ச கெய்ன்ல உங்க ஆப்-ஆம்ப் ஒழுங்கா நிக்குமானு டேட்டாஷீட்டையும் பாருங்க.

இப்போ குமிழ் பாதி வரைக்கும் போகுது. ரெண்டு காதும் கேட்குது. அந்த ஒரு வாரத்தை மட்டும் அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.

உங்களுக்கும் ஒரு பக்கம் குறைஞ்சா, ஹெட்போனை மாத்தி மாட்டிப் பாருங்க. அப்பவும் அதே காதுன்னா, சால்டரிங் அயர்னைக் கீழே வெச்சுட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க. ஃபார்முலா போட்டு காதைச் சரிபண்ண முடியாது!