காதடைத்து ஒரு பயணம்

எழும்பூரிலிருந்து பிற்பகலில் புறப்பட்டு இரவு ஒன்பதரை மணி அளவில் மதுரை சேரும் வைகை விரைவு வண்டியை அறியாத தென்னாட்டார் இருத்தல் அரிது. 1977-ஆம் ஆண்டு அவ்வண்டி ஓடத் தொடங்கியபோது நான் எட்டு வயதுச் சிறுவன். அந்நாளைய மீட்டர் பாதையில், பகல் வெளிச்சத்திலேயே சென்னைக்குப் போய்ச் சேரலாம் என்பது எங்கள் தெருவில் பெரும் பேச்சாயிருந்தது. இன்று பாதை அகன்றுவிட்டது. வழியிலுள்ள ஊர்களும் மாறிவிட்டன. எனினும், ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த அந்தப் பயணம் எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை. அலுப்பைத் தருவது ஓசை ஒன்றே. வண்டியை விட்டு இறங்கிய பின்னும் இரவெல்லாம் சக்கரங்கள் தலைக்குள் உருண்டுகொண்டிருக்கும்.

இதனை அறிந்த என் மகள், தன் முதல் மாதச் சம்பளத்தில் எனக்கொரு பரிசு வாங்கி வந்தாள். சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு டப்பி. அதனுள் இரண்டு செவிக்கருவிகள். கடைகளில் இயர்பட்ஸ் என்கிறார்கள். கொண்டைக்கடலை இரண்டுக்கு வால் முளைத்தாற்போல் இருந்தன. கம்பி ஏதும் இல்லை. புறத்தே உள்ள இரைச்சலை அவை நீக்கிவிடும் என்று அவள் சொன்னபோது, ‘பஞ்சு செய்யாத எதனை இது செய்துவிடப் போகிறது?’ என்று எண்ணிக்கொண்டேன். அதன் விலையை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கம்பியின்றிக் கைப்பேசியிலிருந்து ஒலியைக் கொணரும் அம்முறைக்குப் புளூடூத் என்று பெயர். ‘நீலப்பல்’ என்பது அதன் பொருள். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் மன்னரின் பட்டப்பெயர் அது. டென்மார்க் மக்களைக் கிறிஸ்தவர்களாக்கியவர் தாமே என்று அம்மன்னர் பொறித்து வைத்த கல், ஜெல்லிங் என்ற ஊரில் இன்றும் நிற்கிறது. பிரிந்து கிடந்தோரை ஒன்றுசேர்த்தவர் என்பதால், வெவ்வேறு கருவிகளை இணைக்கும் இந்நுட்பத்திற்கு 1990-களில் அவர் பெயரைச் சூட்டினார்களாம். ஞானஸ்நானம் பெற்ற ஓர் அரசரின் பெயரைத்தான் நம் பிள்ளைகள் நாள்தோறும் தம்மையறியாமல் உச்சரிக்கிறார்கள்.

இரைச்சலை நீக்கும் முறையோ அதனினும் வியப்புக்குரியது. ஒலி என்பது காற்றில் எழும் அலை. கருவியின் வெளிப்புறத்தில் உள்ள சிறு ஒலிவாங்கி, வந்துகொண்டிருக்கும் அலையைக் கேட்கிறது. அலை மேடாக வரும் இடத்தில் பள்ளமாகவும், பள்ளமாக வரும் இடத்தில் மேடாகவும் ஓர் எதிரலையை அக்கணமே உண்டாக்கிச் செவிக்குள் விடுகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்து சமதளம் ஆகிவிடுகின்றன. ஜெர்மானியரான பால் லூக் என்பவர் இக்கருத்துக்கு 1936-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் அதனைச் செய்து காட்டும் நுண்கருவிகள் அன்று இல்லை. 1978-இல் அமர் போஸ் என்பவர் சூரிச் நகரிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் சென்றுகொண்டிருந்தார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய ஒரு விடுதலை வீரரின் மகன் அவர். விமானத்தில் பாட்டுக் கேட்கக் கொடுத்த கருவியில் பாட்டைவிட எந்திர இரைச்சலே மிகுதியாகக் கேட்கவே, அமர்ந்த இடத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினாராம். அவரது நிறுவனம் விமானிகளுக்கான கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது 1989-இல்தான். அன்று தலை முழுவதையும் கவ்விப் பிடித்திருந்த பொருள் இன்று கடலை அளவாய்க் குறுகிவிட்டது.

தாம்பரத்தைக் கடந்ததும் கருவிகளைச் செவிகளில் பொருத்தினேன். அன்பர்களே, அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது? வண்டியின் அடியிலிருந்து எழும் முழக்கம் யாரோ வாரிச் சுருட்டிக் கொண்டு போனதுபோல் அகன்றது. தலைக்கு மேல் மின்விசிறி சுழல்கிறது, ஓசையில்லை. செங்கல்பட்டை நெருங்குகையில் கொளவாய் ஏரி சன்னலோரம் நெடுந்தூரம் உடன் வருமல்லவா? அன்று அந்நீர்ப்பரப்பின் மேல் வண்டி மிதந்து செல்வதாகவே தோன்றிற்று.

இன்னொன்றையும் கண்டேன். “டீ, காபி” என்று கூவி வந்தவரின் குரல் முன்னினும் தெளிவாகக் கேட்டது. நான்கு இருக்கை தள்ளி ஒரு குழந்தை அழுததும் கேட்டது. ஒரே சீராக, தாழ்ந்த குரலில் நீளும் ஓசையைத்தான் இக்கருவி நன்கு வெல்கிறது. நொடிக்கு நொடி ஏறி இறங்கும் மனிதக் குரலை அதனால் முற்றிலும் மறைக்க இயலவில்லை. சக்கரத்தை அடக்கிவிட்டு மனிதரை மட்டும் பேசவிடும் கருவி என்றால், இதைவிட வேறென்ன வேண்டும்?

அவ்வளவோடு நான் நின்றிருக்கலாம். மேல்மருவத்தூர் தாண்டியதும் கைப்பேசியில் பழைய பாடல்களை ஓடவிட்டேன். சுற்றிலும் முழக்கம் இல்லாததால் ஒலியைக் கூட்டவேண்டிய தேவை இல்லை; காதுக்கு அதுவும் நன்மையே. ஆனால் பாடல் தொடங்கியதும், எஞ்சியிருந்த மனிதக் குரல்களும் மறைந்துபோயின. எதிர் இருக்கையில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருந்தார். மடியில் மருத்துவமனை ஊடுகதிர்ப் படங்கள் அடங்கிய பெரிய உறை. காலடியில் ஒரு துணிப்பை. அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நானும் முகம் மலர்ந்து தலையசைத்தேன். அவரும் மன நிறைவோடு சன்னல் பக்கம் சாய்ந்துகொண்டார். அவர் சொன்னது இன்னதென்று எனக்குத் தெரியாது. கருவியைக் கழற்றிக் கேட்கவும் சோம்பல்.

விழுப்புரத்தில் வண்டி நின்று புறப்பட்டது. விருத்தாசலத்தில் நின்றபோதும் அம்மையார் அசையாமல் இருந்தார். கதவோரம் நின்ற கல்லூரி மாணவன் ஒருவன் விரைந்து வந்து அவர் தோளைத் தொட்டான். அவர் திடுக்கிட்டு எழுந்து, உறையை மார்போடு அணைத்தபடி கதவை நோக்கி ஓடினார். அவரை அவன் கைத்தாங்கலாக இறக்கிவிட்ட வேளையில் வண்டி மெல்ல நகரலாயிற்று. துணிப்பை இருக்கையின் கீழேயே இருந்தது. நான் ஒரு கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பையை எடுத்துக் கதவு வழியே நடைமேடையில் நின்ற ஒருவரிடம் நீட்டினேன். நல்ல வேளையாக அவர் வாங்கிக்கொண்டார். அப்போது அம்மையார் சொன்னது என் திறந்த காதில் விழுந்தது: “அந்தத் தம்பி சொல்கிறேன் என்றாரே!”

மாணவன் திரும்பி வந்து, “விருத்தாசலம் வந்ததும் சொல்லுங்கள் என்று உங்களிடம்தானே சார் கேட்டார்?” என்றான். குற்றம் சாட்டும் தொனியில் அவன் கேட்கவில்லை. அதுவே எனக்குக் கூடுதலாகச் சுட்டது. கீழே விழுந்த கருவியைத் தேடியெடுத்துத் துடைத்து, இரண்டையும் டப்பியில் போட்டு மூடினேன்.

அரியலூர் கடந்து பொழுது சாய்கையில் கொள்ளிடம் வந்தது. பாலத்தில் ஏறியதும் வண்டியின் குரல் மாறும். மண்மேல் ஓடும்போது அடங்கியிருந்த ஓசை, இரும்பின் மேல் ஏறியவுடன் பறையடித்தாற்போல் எழும். சிறுவயதில் அது கேட்டதும், உறங்குகிறவர்களும் விழித்துச் சன்னலுக்கு வருவார்கள். காவிரிக்கென்று முடிந்து வைத்த காசை எடுப்பார்கள். மணல் திட்டுகளுக்கிடையே செந்நிறமாய் நீர் ஓடிற்று. திருவரங்கத்தில் நின்று புறப்பட்டதும் காவிரிப் பாலம், அப்பால் விளக்கேற்றிய மலைக்கோட்டை. செவி திறந்திருந்தபடியால் இரண்டு பாலங்களையும் முழுமையாகக் கேட்டேன்.

திருச்சிக்குப் பின் இருள் கவிந்தது. தலையும் வலிக்கத் தொடங்கியது. பாடலின்றிக் கருவிகளை மட்டும் மீண்டும் பொருத்திக்கொண்டேன். மணப்பாறையில் முறுக்கு வாங்கி ஒரு கடி கடித்தேன், அம்மம்ம! செவித்துளை அடைபட்டிருக்கும்போது தாடையின் ஓசை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே முழங்கும். கல்லுடைக்கும் எந்திரம் ஒன்று என் தலைக்குள் புகுந்ததுபோல் இருந்தது. இக்கருவியோடு மணப்பாறை முறுக்கை உண்ண முயலவேண்டாம் என்று வாசகர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். திண்டுக்கல்லை நெருங்குகையில், மின்சக்தி குறைந்துவிட்டதென்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் அறிவித்தது. சற்று நேரத்தில் கருவிகள் ஓய்ந்துவிட்டன. சக்கரங்களின் முழக்கம் திரும்பி வந்தது. கொடைக்கானல் சாலைக்குப் பிறகு இருபுறமும் இருட்டு. சோழவந்தான் நிலையத்தைக் கடக்கையில் ஈரக்காற்று வீசிற்று. தென்னந்தோப்புகளுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் அப்பால் எங்கள் பூர்வீக வீடு அங்கேதான் இருக்கிறது. அதை விற்பதற்கு ஏற்பாடு செய்திருந்தோம். அந்தப் பேச்சை முடிக்கவே நான் போய்க்கொண்டிருந்தேன்.

வைகையின் வடகரையில் உள்ள செல்லூரில் என் அண்ணன் வீட்டில் தந்தையார் இருக்கிறார். வயது எண்பத்து நான்கு. விசைத்தறி ஓசை இன்னும் கேட்கும் பகுதி அது. அவரோ அதைக் கேட்பதில்லை. ஓர் ஆலையின் தறிக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் நின்று வேலை செய்தவர் அவர். 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை காது தாங்கும். 90 ஆனால் 4 மணி நேரமே தாங்கும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தறிக்கூடத்தின் ஓசை எளிதில் 90-ஐத் தாண்டும். தந்தையார் அங்கே நின்றது வாரத்திற்கு 48 மணி நேரம். இரைச்சலால் நேரும் செவிக்குறை, தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க நோயாக இடம் பெற்றிருந்தது. அவரது செவிக்குறையை ஒருவரும் எங்கும் அறிவிக்கவில்லை. செவியின் உள்ளே உள்ள நுண்மயிர்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

மறுநாட்காலை டப்பியைத் திறந்து அவரிடம் காட்டினேன். பள்ளிக் குறிப்பேடு ஒன்றில், அது செய்யும் வேலையை எழுதிக் காட்டினேன். அவர் கருவியை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். “எங்களுக்குக் கழிவுப் பஞ்சுதான். அதையும் மேஸ்திரி பார்த்தால் எடுக்கச் சொல்லுவார், கூப்பிட்டால் கேட்காதாம். யாருக்குத்தான் கேட்டது? வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம்” என்று சிரித்தார். மருத்துவர் கொடுத்த காதொலிக் கருவி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. தெருவின் தறியோசையையும் சேர்த்துப் பெரிதாக்குகிறதென்று அவர் அதை அணிவதில்லை.

அண்ணி காப்பி கொண்டு வந்தார். அண்ணன், வீட்டுப் பத்திரம் தை மாதம் பதிவாகும் என்ற செய்தியைத் தந்தையாரைப் பாராமலே உரக்கச் சொன்னார். தந்தையார் முகம் மலர்ந்து தலையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “மழை விட்டதும் சோழவந்தான் வீட்டுக்கு ஓடு மாற்றவேண்டும். நீயும் ஒரு பங்கு கொடு” என்றார்.

அந்தத் தலையசைப்பை நான் அறிவேன். முந்திய நாள் அந்த அம்மையாருக்கு நான் கொடுத்ததும் அதுவே. சென்ற ஆண்டு விற்பனையைப் பற்றிக் குடும்பமாய் அமர்ந்து பேசியபோதும் அவர் இப்படித்தான் அசைத்தார். அப்பா சம்மதித்துவிட்டார் என்று நாங்கள் எழுந்து போனோம். முன்பணமும் வாங்கியாயிற்று.

குறிப்பேட்டை எடுத்தேன். வீட்டை விற்க ஏற்பாடு செய்திருக்கிறோம் என்றும், வாங்குபவர் யார், விலை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்றும் பெரிய எழுத்தில் எழுதினேன். அண்ணன் ஏதோ சொல்லவந்து நிறுத்திக்கொண்டார். தந்தையார் கண்ணாடியை அணிந்து, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அழுவாரோ, சினப்பாரோ என்று நாங்கள் பார்த்திருந்தோம்.

“பின்புறத்து வாய்க்கால் ஓர இடத்தையும் சேர்த்தா இந்த விலை?” என்று கேட்டார்.

“சேர்த்துத்தான் அப்பா” என்று எழுதினேன்.

“அந்த விலைக்கு மனைகூட வராதே!” என்றவர், பென்சிலை என்னிடமிருந்து வாங்கி, சென்ட் கணக்கைத் தாமே போடத் தொடங்கினார்.

அன்று மாலையே, முன்பணம் தந்தவரை வீட்டுக்கு வரச்சொல்லி அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். தந்தையார் சலவைச் சட்டை அணிந்து வந்து, கூடத்து நாற்காலிகள் இரண்டையும் தம் கையாலேயே நகர்த்திப் போட்டார். வருபவர் முகத்தில் விளக்கின் ஒளி விழுமாறு ஒன்று. அவர் வாயசைவு நன்கு தெரியுமாறு எதிரில் மற்றொன்று.